முத்திரை குத்தாத பதில்கள்

சென்ற இதழில் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டாகக் கொண்டுவந்து, "அக்கா, தொடக்கினது நீங்கள், நீங்களே முடியுங்கோ" என்று தந்துவிட்டார். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் 31 வருடமாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். சிங்களம், தமிழ், ஆங்கிலம். பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு. இந்த மெஷின் முதலில் அடித்த தொழில்களில் என்னுடையதும் ஒன்று. பதில்களில் அந்தக் கோபம் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்து வாசியுங்கள்.

அன்ரி, எனக்கு 24 வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் தமிழ் டைப்செட்டிங் செய்கிறேன். இப்போது முதலாளி கைப்பிரதியைப் போனில் படமெடுத்து, அப்படியே எழுத்தாக்கிவிடுகிறார். என் வேலை போய்விடுமா?
— மருதானை வாசகி

பிள்ளை, டைப் அடிப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், ஓம், போய்விடும். ஆறுதலுக்காக மாற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கம்ப்யூட்டர் வந்தபோது எங்கள் வீதியில் நடந்ததைக் கேளுங்கள். நான் தொழில் தொடங்கிய காலத்தில் நீதிமன்ற மதிலோரம் குடைக்குக் கீழே டைப்ரைட்டரோடு இருந்தவர்களில் மூன்று பேரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒருவர் போட்டோகொப்பி மெஷின் வாங்கினார், இன்றைக்கும் குறையில்லாமல் இருக்கிறார். மூன்றாமவர் ஒரு நாள் மேசையை மடித்துக்கொண்டு வத்தளைக்குப் போனவர்தான், திரும்பி வரவில்லை. பழைய வேலை போனால் புதிய வேலை வரும் என்று மேடையில் சொல்கிறவர்கள் முதல் இரண்டு பேரைத்தான் எண்ணுகிறார்கள்.

என் கதை இது. முன்பு ஆட்கள் மூலப் பிரதியோடு வந்தார்கள். இப்போது மெஷின் செய்த மொழிபெயர்ப்போடு வந்து, "அன்ரி, எல்லாம் முடிஞ்சுது, சீல் மட்டும் குத்தித் தாங்கோ" என்கிறார்கள். அரை விலைக்கு. ஒரு பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் தேவராசா. பாஸ்போர்ட்டிலும் 'ரீ-எச்' (TH) எழுத்துகளில் தொடங்கும் தேவராசாதான். மெஷின் அவரை 'டீ' (D) எழுத்தில் தொடங்கும் தேவராஜாவாகத் திருத்தி வைத்திருந்தது. விசாக் கந்தோரில் அந்தப் பிள்ளைக்கு இரண்டு தகப்பன்மார் ஆகியிருப்பார்கள்.

இன்னொன்று, சிங்களத்தில் எழுதிய நன்கொடை உறுதி. காணியை எழுதி வாங்கியவர் 'மல்லி', அதாவது தம்பி. தமிழில் அவர் அண்ணனாகியிருந்தார். காரணம் எளிது. நீண்ட காலம் இந்த மெஷின்கள் சிங்களத்திலிருந்து தமிழுக்கு நேரே வரவில்லை, ஆங்கிலத்தைச் சுற்றித்தான் வந்தன. மருதானையிலிருந்து புறக்கோட்டைக்குப் போக நீர்கொழும்பைச் சுற்றுகிற மாதிரி. சிங்களத்தில் அய்யா அண்ணன், மல்லி தம்பி. தமிழிலும் அந்தப் பிரிவு உண்டு. நடுவில் ஆங்கிலம் வந்தால் இருவரும் வெறும் 'பிரதர்'. மாமாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் 'அங்கிள்' ஆகிவிடுவது போல. (சிங்களத்தில் சித்தப்பாவைக் கூப்பிடும் சொல்லைத் தமிழில் எழுதினால் பாப்பா என்று வரும். அது வேறு கூத்து.) கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் வந்தது, சிங்களம் 2014இல் வந்தது. அப்போதைக்கு இப்போது எவ்வளவோ திருந்தியிருக்கிறது, இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் நூற்றில் இரண்டு பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட எனக்கு முழுப் பத்திரத்தையும் வாசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் அரை விலை இல்லை, முழு விலைதான் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் எழும்பிப் போகிறார்கள். சிலர் இருக்கிறார்கள்.

உங்கள் அச்சகத்துக்கும் கல்வெட்டு வேலை வரும், இல்லையா? 31ஆம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் பத்து வருடம் கதைக்காது. போன் எடுத்த எழுத்தில் 'ர'வும் காலும் மாறிக் கிடக்கும், 'ன'வும் 'ண'வும் மாறிக் கிடக்கும். அந்தப் புரூஃபைப் பார்த்து, அடியில் உங்கள் கையெழுத்தை வையுங்கள். முதலில் முதலாளி கேட்கமாட்டார். நீங்களாகவே வையுங்கள். பிழை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று வாடிக்கையாளர் கேட்கும் நாளில் அவர் உங்களைத்தான் காட்டுவார், அந்த ஆளை அவர் லேசில் வீட்டுக்கு அனுப்பமாட்டார். சம்பளம் கூடுமா என்று கேட்டால், அதற்கு நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

தங்கச்சி, போன மாதம் இரவு பத்தரைக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு. ரொறன்ரோவில் இருக்கிற பேரனின் குரல், அழுதபடி. காரால் ஒருவரை இடித்துவிட்டானாம், பொலிஸ் பிடித்துவிட்டதாம், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாமாம், விடிய நாலு இலட்சம் ரூபா ஒரு கணக்குக்குப் போட வேண்டுமாம். நகையை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். ஒன்றுதான் உறுத்தியது. அவன் என்னைப் 'பாட்டி' என்றான். பிறந்ததிலிருந்து அம்மம்மா என்றுதான் கூப்பிடுவான். குரலையும் திருடுவார்களா?
— 71 வயது, வெள்ளவத்தை

திருடுவார்கள், அக்கா. 3 விநாடிக் குரல் இருந்தால் அதே குரலில் வேறு எதையும் பேச வைக்கலாம் என்று மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். பேரன் பிறந்தநாள் வீடியோவில் கேக் வெட்டிக்கொண்டு எல்லோருக்கும் நன்றி சொன்னாலே அதற்குக் கூடக் கிடைத்துவிடும். குரல் மட்டுமல்ல. 2024இல் ஹொங்கொங்கில் ஒரு பிரித்தானிய நிறுவனத்தின் ஊழியர், தன் மேலதிகாரிகளோடு வீடியோவில் கூட்டம் நடத்தி, அவர்கள் சொன்னபடி சுமார் 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். அந்தத் திரையில் அவரைத் தவிர எல்லா முகமும் போலி.

உங்களைக் காப்பாற்றியது யாழ்ப்பாணத் தமிழ். இணையத்தில் கிடக்கிற தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் எழுதியது. மெஷினைத் தமிழில் கதைக்கவிட்டால் அது கதைக்காது, பேசும். திறப்பைத் தேடாது, சாவியைத் தேடும். அம்மம்மா பாட்டியானதும் அப்படித்தான். ஆனால் இதை நம்பி இருக்காதீர்கள். அடுத்த கள்ளன் எங்களூர் ஆளாக இருந்தால் 'அம்மம்மா' என்றே தொடங்குவான், இந்தப் பத்தியையும் வாசித்திருப்பான்.

செய்ய வேண்டியது: போனை வையுங்கள். உங்கள் கொப்பியில் எழுதியிருக்கிற பேரனின் பழைய இலக்கத்துக்கு நீங்கள் எடுங்கள். அவன் எடுக்காவிட்டால் மகளுக்கு எடுங்கள். "அம்மாவுக்குச் சொல்லாதே" என்ற இடத்திலேயே மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். குடும்பத்துக்குள் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் பணம் கேட்கிறவர் அதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு செத்துப்போன நாயின் பெயர். பெயரை இங்கே எழுதமாட்டேன். இணைய மோசடிக்கு, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கம் இருக்கிறது. அந்த வங்கிக் கணக்கு இலக்கத்தை அழித்துவிடாமல் பொலிசில் கொடுங்கள்.

நகையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டீர்களா?

எனக்குச் சீனி வருத்தம், பிரஷர் இரண்டும். கிளினிக் கொப்பியைப் படமெடுத்துச் சட்ஜிபிடியிடம் கேட்கிறேன். டொக்டரை விடப் பொறுமையாக விளக்குகிறது. மகள் ஏசுகிறாள். யார் சரி?
— 66 வயது, ஜிந்துப்பிட்டி

இரண்டு பேரும். டொக்டருக்கு முன்னால் வாங்கில் எண்பது பேர் இருக்கும்போது உங்களுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். எச்.பி.ஏ.வன்.சி என்றால் இரத்தத்தில் சீனியின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி, காலையில் வெறும் வயிற்றில் எடுத்த கணக்கு அல்ல என்று யாராவது உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லியிருந்தால் நீங்கள் போனிடம் போயிருக்கமாட்டீர்கள். அதற்கு அது நல்லது. அடுத்த கிளினிக்கில் கேட்க மூன்று கேள்வி எழுதித் தரச் சொல்லுங்கள், அதற்கும் நல்லது.

குளிசைத் துண்டை வாசிக்க மட்டும் விடாதீர்கள். என் துண்டையே படமெடுத்துப் பார்த்தேன். ஐந்து மருந்து. 'நொக்டே' என்று எழுதியிருந்ததை இரவு என்று சரியாகச் சொன்னது, நாலு மருந்தும் சரி. ஐந்தாவது, சீனிக்குப் போடுகிற மெட்போமின். அதை மெட்ரோனிடசோல் என்று வாசித்து, வயிற்றுக் கிருமிக்கு என்று அரைப் பக்கம் விளக்கமும் தந்தது. தடுமாற்றமே இல்லை. பார்மசிப் பையன் என்றால் தலையைச் சொறிந்து, "மிஸ், இது என்ன எழுத்து?" என்றாவது கேட்பான்.

இதே துறையில் நான் மரியாதை வைத்திருக்கிற மெஷின் ஒன்று உண்டு. சீனியால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று கண்ணின் உட்புறப் படத்தைப் பார்த்துச் சொல்வது. கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைப் படங்களும் அதற்குப் பயன்பட்டன. கண் வைத்தியர்களுக்கு ஈடாகப் பார்த்தது. பிறகு தாய்லாந்து கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களைத் தெளிவில்லை என்று திருப்பிவிட்டது. தாதிமார் படமெடுத்த அறைகளில் வெளிச்சம் சரியில்லை. தாதிமாருக்கு எரிச்சல், நோயாளிகளுக்கு இன்னொரு நாள் அலைச்சல். என்றாலும் தெரியாத இடத்தில் தெரியாது என்றது பாருங்கள். உங்கள் போனில் இருப்பது அந்தச் சாதி அல்ல.

மகளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். முதல் பந்தியை மட்டும் காட்ட வேண்டாம்.

தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லாமல் அது ஏன் பொய் சொல்கிறது?
— சட்டம் படிக்கும் மாணவன், தெஹிவளை

பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும், தம்பி. 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற கொண்டக்டரை நினையுங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று தொடங்கினால் வெள்ளவத்தை, தெஹிவளை தானாக வாயில் வரும். கண்ணை மூடிக்கொண்டும் சொல்வார். ஒரு நாள் பெரஹராவுக்காக வீதியை மறித்து பஸ் வேறு பக்கம் போனாலும் வாய் வெள்ளவத்தை என்றே சொல்லும். இந்த மெஷினும் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று பழகியது. வெளியே எட்டிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறார்கள்.

நீங்கள் சட்டம் படிப்பதால் இதைக் கேளுங்கள். 2023இல் நியூயோர்க்கில் விமான நிறுவனமொன்றுக்கு எதிரான வழக்கில் சட்டத்தரணிகள் இருவர் சட்ஜிபிடி தந்த முன் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அப்படியான வழக்குகளே உலகத்தில் நடக்கவில்லை. 5,000 டொலர் தண்டம். எனக்குச் சிரிப்பு வந்த இடம் வேறு. கொடுப்பதற்கு முன் அந்தச் சட்டத்தரணி சரிபார்த்திருக்கிறார். எப்படி? "இது உண்மையான வழக்கா?" என்று அந்த மெஷினிடமே கேட்டு. அது ஓம் என்றது. புதுக்கடையில் பொய்ச் சாட்சிக்கு அதே பொய்ச் சாட்சியைப் பிணை வைத்த கதை நான் கேட்டதில்லை.

சென்ற இதழில் "பிள்ளைகளின் கையில் இதைக் கொடுக்கவே கூடாது" என்று எழுதினீர்கள். டியூசனுக்கு அனுப்பக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளை ஒரு கணக்கைப் பத்துத் தரம் கேட்டாலும் ஏசாமல் சொல்லித் தருகிற ஆள் வேறு யார்? வசதியுள்ளவர் பேச்சு அது.
— ஒரு ஆசிரியை, மட்டக்குளி

மிஸ், அந்த 'வே'யை எடுத்துவிடுகிறேன். நீங்கள் சொன்ன பிள்ளையை நான் நினைக்கவில்லை. நான் நினைத்தது எங்கள் மேல்மாடிப் பையனை. சாதாரண தரத்துக்குப் படிக்கிறான், நாலு டியூசன். பாடசாலை விளையாட்டுப் போட்டி பற்றி மெஷினைக் கொண்டு கட்டுரை எழுதிக்கொண்டு வந்து காட்டினான். அதில் மாவட்ட ஆட்சியர் கொடி ஏற்றினார்! பம்பலப்பிட்டியில்! "ஆரடா இது?" என்றேன். அவனுக்கும் தெரியவில்லை. எங்கள் நாட்டில் அப்படி ஒருவர் இல்லை என்பதும் தெரியவில்லை. கணக்கு என்றால் விடையைப் போட்டுப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம், உங்கள் பிள்ளை கேட்கட்டும். கட்டுரையை அவனே எழுதட்டும் என்பதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

போலி வீடியோ ஒன்றால் இன்னொரு கலவரம் வராதா? எங்கள் ஆட்களுக்கு அந்தப் பயம்தான்.
— தெமட்டகொட வாசகர்

வரலாம். ஆனால் முன்பு போலி வீடியோ தேவைப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. வாடிக்கையாளர் ஒருவர் சாப்பாட்டில் கிடந்த கட்டியைக் காட்ட, சூழ்ந்தவர்கள் மலட்டுக் குளிசை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக வராது. பயத்தில் ஏதோ ஓம் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். அதைப் போனில் எடுத்துப் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி மாக்கட்டி என்று பரிசோதனை அறிக்கை வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்தில் திகன எரிந்தது. தன் தளத்தில் பரவியவற்றுக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

மொழிபெயர்ப்பாளராக அந்த வீடியோ எனக்கு வேறு விதமாக வலிக்கிறது. வீடியோ உண்மை, குரல் உண்மை. கேள்விதான் அவருக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அவர் கையில் இன்றைய போன் இருந்து, அந்தச் சிங்களத்தைத் தமிழில் காதில் போட்டிருந்தால் என்று நினைத்திருக்கிறேன். பிறகு, கூட்டம் சூழ்ந்து நிற்கையில் போனை எடுத்து நீட்ட யார் விடுவார்கள் என்றும் நினைத்திருக்கிறேன். உங்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, நானா. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வட்ஸ்அப் குழுவிலும் இருந்து, ஃபோர்வர்ட் பண்ணுமுன் ஒரு தரம் கேளுங்கோ என்று சொன்னால் கொஞ்சம் உதவும். எங்கள் தொடர்மாடிக் குழுவில் அந்த அரியண்டம் பிடித்த ஆள் நான்தான்.

மெஷின் மனிதனை ஆளுமா?
— கிருலப்பனை

இந்த மெஷினுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், ஆபத்தைப் பற்றிச் சுதந்திரமாகப் பேச வேண்டுமென்று 2023இல் கூகுளை விட்டு விலகினார். 2024இல் அவருக்குப் பௌதிகவியல் நோபல். அதே வருடம் இரசாயனவியல் நோபலில் பாதி, புரதங்களின் வடிவத்தை மெஷினால் கணித்தவர்களுக்கு. புது மருந்து தேடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. பயமும் பலனும் ஒரே மேடையில் பரிசு வாங்கியிருக்கின்றன, நான் எந்தப் பக்கம் கை தட்டுவது? ஒன்று மட்டும்: 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் கரண்ட் போனது, அமைச்சரே சொன்னார். எங்களை ஆள வருகிற மெஷின் முதலில் அந்தக் குரங்கோடு கதைத்துவிட்டு வரட்டும்.

எல்லாம் குறையாகவே எழுதுகிறீர்கள். இதனால் உங்கள் கண் முன்னால் யாருக்காவது ஒரு நன்மை நடந்ததா?
— ராமகிருஷ்ணா வீதி, வெள்ளவத்தை

நடந்தது. எங்கள் இரண்டாம் மாடியில் பருத்தித்துறையிலிருந்து மகனோடு வந்து தங்கியிருக்கிற ஒரு அம்மா. சிங்களம் ஒரு சொல் தெரியாது. பகலில் தனிய. லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டினால் முன்பெல்லாம் என் கதவைத் தட்டுவார். பேத்தி போனில் ஏதோ போட்டுக் கொடுத்த பிறகு தட்டுவதில்லை. கமராவைப் பிடித்தால் சிங்களம் தமிழாகிவிடுகிறது.

போன புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து தண்ணீர் வெட்டு என்று சிங்களத்தில் மட்டும் ஒட்டியிருந்தார்கள். நான் அதைக் கடந்து நாலு தரம் போய் வந்திருக்கிறேன், நின்று வாசிக்கவில்லை. பதினொரு மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்று. இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனேன். அந்த அம்மா வாளி, அண்டா, சட்டி எல்லாம் நிரப்பி மூடி வைத்திருந்தார். "நீங்கள் சிங்களம் தெரிஞ்ச ஆள்தானே பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வாளி தந்தார்.